ஏறியவர், இறங்கியவர்

நகராட்சி எனக்குக் கொடுத்தது
ஓர் அட்டை, ஒரு பென்சில், இரண்டு கட்டங்கள்.
ஏறியவர். இறங்கியவர்.
பத்து வேலைநாள் எண்ண வேண்டும்.
சராசரி பன்னிரண்டைத் தொடாவிட்டால்
மார்ச்சோடு இந்த மலைத்தடம் நிறுத்தம்.

கெட்டவர் யாரும் இதில் இல்லை,
முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.
இந்த வண்டி குடிக்கும் டீசல் காசில்
சிறுநீரக நோயாளிகளை
பிராகன்சாவுக்குக் கூட்டிப்போக ஒரு வேன் ஓடும்.
அந்த வேனுக்குக் காத்திருப்பவர்களில்
என் சித்தப்பாவும் ஒருவர்.

ஓட்டுநர் அதெரிட்டோ. வாய் பேசாது,
ஹாரன் பேசும்.
ஃபொன்ட்டெலாவில் ஒரு நீளம்,
பாலம் தாண்டினால் இரண்டு குட்டை.
முதல் நாள் ஏறியவர் நான்கு.
ஆனால் ஒவ்வொரு வளைவிலும்
யாரோ கை நீட்டினார்கள், எதையோ கொடுத்தார்கள்,
ஏறாமலே திரும்பி நடந்தார்கள்:
ஜாம் பாட்டிலில் ரத்தச் சர்க்கரைக்காரரின் சிறுநீர்,
அடி தைக்க வேண்டிய ஒற்றை பூட்ஸ்,
இருபது யூரோ சுற்றிய ஒரு சீட்டு,
யார் வீட்டதோ ஒரு சாவி.
'ரசீது?' என்று கேட்டேன்.
அதெரிட்டோ கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.
அவ்வளவுதான், நான் வெளியூர்க்காரி ஆகிவிட்டேன்.

ஆறாம் நாள் உறைபனி.
ஏழு நாற்பது, காஸ்ட்ரெலுஷ் நிறுத்தம்.
பள்ளிச் சமையலறைக்குப் போகும் ஜுல்மீரா
நிற்கும் இடத்தில்
நிற்கவில்லை.

நான் பூஜ்யம் போட்டேன்.
அதெரிட்டோ எஞ்சினை அணைத்தார்.

ஏன் என்று யாரும் கேட்கவில்லை.
கடைசி இருக்கைப் பையன் காதிலிருந்து பாட்டைக் கழற்றினான்.
பாலாடைக்கட்டிக்காரர் பெல்மிரோ
பையை என் மடியில் வைத்துவிட்டு இறங்கினார்,
பையனும் பின்னாலேயே.
திறந்த கதவு வழியே குளிர் ஏறியது.
அதற்குக் கட்டம் இல்லை.

விறகுக் கொட்டகைக்குப் பின்னால் கிடந்தாள்,
ஐந்து மணியிலிருந்து.
கணுக்கால் தப்பான பக்கம் பார்த்தது.
தலைமுடி கம்பியாக விறைத்திருந்தது.
'ஏழு நாற்பது வந்தே தீரும் என்று
எண்ணிக்கொண்டிருந்தேன்' என்றாள், பல் கிட்ட.
அவளும் எண்ணியிருக்கிறாள்.
என்னைவிட நன்றாக.

ஆம்புலன்ஸ் வர ஐம்பது நிமிடமாம்.
பின்சீட்டில் படுக்கவைத்துக் கொண்டுபோனோம்.
இப்போது சொல்லுங்கள்,
அவள் ஏறியவரா?
ஏறவில்லை, ஏற்றப்பட்டாள்.
இறங்கி மீண்டும் ஏறிய இருவரைச் சேர்க்கக்கூடாது,
விதி எண் ஏழு.
தாமதம்: இருபத்துமூன்று நிமிடம்.
காரணம்: பனி, பழுது, போக்குவரத்து, பிற.
பிறவுக்கு ஒரே ஒரு வரி விட்டிருந்தார்கள்.
எழுதினேன்:
ஒருவர் நிறுத்தத்தில் இல்லை.

சராசரி ஒன்பதே கால்.
மூன்றைக் கூட்டிவிடலாம், பென்சில்தானே.
சித்தப்பாவின் வீங்கிய கால்கள் ஞாபகம் வந்தன,
ஜுல்மீராவின் காலும்.
எந்தக் காலுக்கு எந்தக் கால் என்று
எனக்குத் தெரியவில்லை.
உள்ளதை உள்ளபடியே கொடுத்தேன்.

பத்தாம் நாள் மாலை, நகரத்தில் இறங்கும்போது
அதெரிட்டோ ஒரு மருந்துச்சீட்டை நீட்டினார்,
அதோடு ஐம்பது யூரோ நோட்டு.
'பெல்மிரோவுக்கு. கடை எட்டுக்கு மூடும்.
காலையில் கொடு.'
என் வேலை முடிந்தது என்று அவருக்குத் தெரியும்.
என் பெயர் தெரியாது.
கேட்கவும் இல்லை.

பதினொன்றாம் நாள்
எண்ண ஆளில்லாத வண்டியில்
டிக்கெட் எடுத்து ஏறினேன்,
மடியில் மருந்து.
பாலம் தாண்டும்வரை
மிச்சச் சில்லறையை மூன்று முறை சரிபார்த்தேன்:
ஒரு யூரோ நாற்பது சென்ட்.